மழைமானியும் லயத்து மக்களும்

கண்டியிலிருந்து ஹேவாஹெட்டைப் பக்கமாகவோ உடுதும்பறைப் பக்கமாகவோ பயணம் செய்கின்ற வாசகர்கள், ஏதாவதொரு அரசாங்கக் காரியாலயத்தின் முற்றத்திலோ பாடசாலை வளவிலோ, தூணொன்றின் மேல் வாய் திறந்த உருளையொன்றையும் அதன் அருகே சிறிய சூரியத் தகட்டையும் கண்டிருக்கக்கூடும். அது தன்னியக்க மழைமானி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் இத்தகைய மானிகளை நூற்றுக்கணக்கில் நிறுவியிருக்கிறது.

அதன் உள்ளே இருப்பது மிக எளிமையான ஏற்பாடு. சீசோப் பலகை போன்று ஆடும் இரு சிறு கிண்ணங்கள். ஒன்று நிரம்பியதும் கவிழ்ந்து நீரைக் கொட்டும். உடனே மற்றது அந்த இடத்திற்கு வரும். ஒவ்வொரு கவிழ்ப்பும் மில்லிமீற்றரில் ஒரு சிறு பங்கு மழை. கருவி அதை எண்ணிக் கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியாகக் கொழும்புக்கு அனுப்புகிறது. இரவு இரண்டு மணிக்கு யாரும் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

தோட்டங்களுக்கு மழையை அளப்பது புதிதல்ல. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின்னர் வளர்ந்த தோட்டங்களில், காலையில் மானியைப் பார்த்துப் புத்தகத்தில் பதிவது வழக்கமாகவே இருந்து வந்துள்ளது. ஆனால் அந்தக் கணக்கு கொழுந்துக்காகவும் உரத்துக்காகவும் எழுதப்பட்டது. லயத்துக்குப் பின்னாலுள்ள மலை நிற்குமா என்று அறிவதற்காக அல்ல.

இன்றைய கணக்கு வேறு. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறிவிட வேண்டும். பொதுவான அளவுகோல் இது. எல்லா மண்ணுக்கும் ஒரே சட்டையைத் தைத்தது போன்றதுதான். ஒரு வாரமாக நனைந்து ஊறிய சரிவு 80 மில்லிமீற்றரிலேயே இறங்கலாம். நீர் மண்ணின் இடைவெளிகளை நிரப்பி உள்ளிருந்து அழுத்தும்போதுதான் சரிவு பிடியிழக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய கான்கள் தூர்ந்து கிடக்கும் தோட்டங்களில் அந்த நீர் போவதற்கு வேறு வழியில்லை. ஆகவே, மானி சொல்வதோடு சுவரில் புதிய வெடிப்பு, திறக்க முடியாமல் இறுகும் கதவு, சாய்ந்த மரம், திடீரென்று தோன்றும் அல்லது கலங்கும் ஊற்று ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். இவற்றை எந்தக் கருவியும் கொழும்புக்கு அனுப்புவதில்லை.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி வந்தபோது மலைநாட்டின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மற்றெல்லா மாவட்டங்களையும்விடக் கண்டி மாவட்டமே அதிக உயிர்களை இழந்தது. சிவப்பு எச்சரிக்கைகள் வெளியிடப்படாமலில்லை. ஆனால் மின்சாரமும் தொலைபேசியும் பல பிரதேசங்களில் அற்றுப்போயின. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, அல்லது வரவேயில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மலையின் உச்சியில் பெய்ததைக் கொழும்பு அறிந்துகொண்டது. மலையின் அடியிலிருந்தவருக்கு அது அவருடைய மொழியில் திரும்பி வந்து சேரவில்லை என்றால், அந்தக் கிண்ணங்கள் யாருக்காகக் கவிழ்ந்தன?

கருவியையும் மக்களையும் எவ்வாறு சேர்ப்பது என்பதற்கு, நம் நாட்டோடு சற்றும் ஒப்பில்லாத ஓரிடத்திலிருந்து உதாரணம் காட்டலாம். அலாஸ்காவின் வடகோடியில், முன்னர் பரோ எனப்பட்ட உட்கியாக்விக் ஊரில், கரையோரக் கடல் குளிர்காலத்தில் உறைந்து நிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இன்யூப்பியாட் மக்கள் வசந்த காலத்தில் அந்தப் பனிக்கட்டியின் மேல் பாதை வெட்டித் திமிங்கில வேட்டைக்குச் செல்கிறார்கள். கட்டி உடைந்து மிதந்து போனால் மேலிருப்பவரும் போக வேண்டியதுதான். அலாஸ்காப் பல்கலைக்கழகத்தார் கட்டியின் தடிப்பையும் வெப்பநிலையையும் அளக்கும் தன்னியக்கக் கருவிகளை அங்கே நிறுவினார்கள். கரையில் ராடார் வைத்துக் கட்டியின் அசைவைக் கண்காணித்தார்கள். அதோடு நின்றுவிடாமல் வேட்டைக்காரர்களின் பாதைகளை அளந்து வரைபடமாக்கி அவர்களிடமே கொடுத்தார்கள். வேட்டைக்காரர் ராடார்ப் படத்தையும் பார்க்கிறார். காற்றையும் நீரோட்டத்தையும் தாமே பார்க்கிறார். ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடவில்லை.

நமது லயங்களில் இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நேரான பக்கங்களுள்ள, உயரமான வெற்று பால்மா டின் ஒன்று போதும். கூரையும் மரமும் மறைக்காத வெளியில் அதை அசையாமல் நிறுத்தி, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து கொட்டிவிட வேண்டும். நீர் ஏழரை சென்ரிமீற்றர் நின்றால் 75 மில்லிமீற்றர். டின்னின் அகலம் எதுவாயினும் கணக்கு மாறாது. அடைமழை நாளில் மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் இதை விருப்பத்தோடு செய்வார்கள். கிராம உத்தியோகத்தரின் அழைப்புக்குக் காத்திராமல், லயத்தில் யார் கதவைத் தட்டுவது, முதியவரையும் கைக்குழந்தையையும் யார் தூக்குவது என்பதை வெயில் காலத்திலேயே பேசி வைக்கலாம்.

ஆயினும் டின் நிரம்பிய பிறகு, “சாமி, நாங்க எங்க போறது?” என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டபோது, அந்த இடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் ஏற்கனவே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைக் கேட்டும் அசையாத மக்கள் என்று அவர்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. லயக் காம்பராவும் அது நிற்கும் நிலமும் தோட்டத்துக்குரியவை. பக்கத்து மேட்டில் ஒரு குடிசை போடுவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். கிராமத்து விவசாயி தன் நிலத்தின் வேறொரு மூலையையாவது தேடலாம். தோட்டத் தொழிலாளிக்கு அந்த மூலையும் இல்லை. ஒரு தோட்டத்தில் புதிதாக மழைமானி வைக்க வரும் அதிகாரிகளிடம், சரியாத நிலத்தில் எத்தனை பேர்ச் யாருடைய பெயருக்கு எழுதப்படும் என்பதையும் அதே கூட்டத்திலேயே கேட்டு வைப்பது நல்லது.