குலுக்கலில் கிடைத்த விடை

2020இல் ஜப்பானில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவிக்குக் கடும் தட்டுப்பாடு. கொரோனாவால் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடக்க, கடைகளுக்கு வந்த சரக்கோ சொற்பம். யாருக்கு விற்பது என்பதைக் கடைக்காரர்கள் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். பின்னால் வந்த பிளேஸ்டேஷன் 5க்கும் இதே நிலைதான். ஆய்வாளர் ஹிரோயுகி எகாமியின் குழு இந்தக் குலுக்கலைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. கேம் ஆடுகிற ஒருவர் மனம் சோர்ந்திருந்தால், ஆட்டம் அவரைச் சோர்வாக்கியதா, சோர்ந்தவர் ஆட்டத்தில் போய் ஒதுங்கினாரா என்பதை வழக்கமான கருத்துக்கணிப்பு பிரித்துச் சொல்லாது. குலுக்கலோ பணத்தையும் குணத்தையும் பார்ப்பதில்லை. அதில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டால், இரு தரப்புக்கும் உள்ள வேறுபாடு கருவியால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். அப்படி ஒப்பிட்டபோது, கருவி கிடைத்தவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது. 2024இல் வெளியான இந்த முடிவு, கேம் என்றாலே கெடுதல் என்ற நம்பிக்கைக்கு எதிரான வலுவான சான்று.

ஊரடங்கில் எது கிடைத்திருந்தாலும் ஆறுதலாகத்தானே இருந்திருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரண நாட்களில் இந்தப் பலன் இவ்வளவு தெரியாமல் போகலாம். அதே ஆய்வில்கூட, நாளுக்கு 3 மணி நேரத்தைத் தாண்டியபோது பலன் குறைந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022இல் ஏறக்குறைய 39,000 பேரின் விளையாட்டு நேரத்தை, அவரவர் நினைவை நம்பாமல், நிறுவனங்களின் பதிவுகளிலிருந்தே எடுத்துப் பார்த்தார்கள். நேரம் கூடியதாலோ குறைந்ததாலோ மனநலத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எதற்காக ஆடுகிறார்கள் என்பதில்தான் தொடர்பு தெரிந்தது. ஆசைப்பட்டு ஆடியவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆடியே தீரவேண்டும் என்ற உந்துதலில் ஆடியவர்கள் அப்படி இல்லை. நாம் வீடுகளில் கடிகாரத்தை மட்டுமே பார்த்துச் சண்டை போடுகிறோம்.

ஆசைக்குப் பின்னால் பெரும்பாலும் ஆள்துணை இருக்கிறது. நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014இல் 25 வயதில் இறந்தார். மகன் நண்பர்களே இல்லாமல் தனிமையில் போய்விட்டான் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவரது வலைப்பதிவில் இறப்புச் செய்தியை இட்ட பிறகு, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தில் ‘இபெலின்’ என்ற பெயரில் உலவிய அவர், பலருக்குத் தோள் கொடுத்த தோழராக இருந்திருக்கிறார். நெதர்லாந்தில் ஒரு பெண்ணின் கணினியைப் பெற்றோர் பறித்துவிட்டபோது, அவளுக்காகப் பரிந்து அவர்களுக்கே கடிதம் எழுதியிருக்கிறார். ஆட்டத்துக்குள் இருந்தவர்களுக்கு நெடுநாள் வரை அவர் நாற்காலி தெரியாது. பேச்சும் அக்கறையும்தான் தெரியும். இதைப் போலி நட்பு என்று ஒதுக்குகிறவர்கள், அவரது இறுதிச் சடங்குக்கு அந்த நண்பர்களில் சிலர் நாடு கடந்து வந்ததற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

அடிமையாகிறவர்கள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனமே கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதன் வரையறையில் மணிக்கணக்கு இல்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முதலிடம் பிடிப்பது, கெடுதல் கண்கூடாகத் தெரிந்தும் தொடர்வது, இவற்றால் படிப்போ வேலையோ உறவோ குலைவது, இந்த நிலை வழக்கமாக 12 மாதமாவது நீடிப்பது ஆகியவைதான் அடையாளங்கள். பரீட்சை முடிந்த மே மாதத்தில் நண்பர்களோடு நாள் முழுக்க ஆடும் பையன் இதில் வரமாட்டான். சாப்பாட்டையும் உறக்கத்தையும் பள்ளியையும் விட்டு மாதக்கணக்காக ஆடுகிறவனுக்குத் திட்டு உதவாது. மனநல மருத்துவர் தேவை.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகளைப் படித்துப் படித்து, திரையில் ஆடுவதெல்லாம் ஒன்றே என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் அது சூதாட்டத்தைப் பற்றியது. காசு கட்டி ஆடும்போது இழந்ததை மீட்கும் வெறிதான் ஆளை விழுங்குகிறது. மாட்ஸும் அவர் நண்பர்களும் ஆடியதில் பந்தயப் பணம் இல்லை. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்துவிட்டு, வீடியோ கேம் போட்டிகளான இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. சட்டம் பிரித்துப் பார்க்கும் இந்த இரண்டையும் பெற்றோரும் பள்ளிகளும் இன்னும் ஒரே கண்ணோடு பார்க்கின்றன.