தலைக்கடை மசாலாவும் திராட்சைக் கோழியும்

தீபாவளி முடிந்து பத்து நாட்கள் ஆனால், நமது மளிகைக் கடைகளில் உலர் பழ டப்பாக்கள் மேல்தட்டுக்கு ஏறிவிடும். பண்டிகைக்கென்று எடுத்த திராட்சையில் கால்வாசி, அத்திப்பழத்தில் பாதி, ஆப்ரிகாட் எடுத்திருந்தால் அது ஏறக்குறைய முழுவதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நோன்பு மாதம் வந்தால் பேரீச்சை மட்டும் கீழே இறங்கும். மற்றவை, பாயசத்துக்குப் பத்து கிராம், கேசரிக்குப் பத்து கிராம் என்று வருகிற வாடிக்கையாளருக்காகக் காத்துக்கிடக்கும். முதல் முடங்குவது ஒரு பக்கம். மழைக்கால ஈரத்தில் சரக்கே கெட்டுப்போவது இன்னொரு பக்கம். மொத்தக் கடை நடத்துகிற எங்களுக்கு, டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து, 'பாதி விலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சில்லறை வியாபாரிகள் கேட்கும் நிலை ஆண்டுதோறும் தெரிந்ததுதான்.

அதே நேரத்தில் நமது பகுதியில் வாரம் தவறாமல் நடக்கும் வியாபாரம் ஒன்று உண்டு. பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம்; ஞாயிற்றுக்கிழமை கோழி. நெருப்பெரிச்சல், பூலுவபட்டி, பெருமாநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஞாயிறு காலையில் கறிக்கடை வாசலில் கூட்டம்தான். தமிழ்நாட்டுக் கறிக்கோழிக்குத் தலைநகரம் போன்ற பல்லடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. பண்ணை விலையும் அங்கேதான் நிர்ணயமாகிறது. ஆனால் இவ்வளவு கோழி விற்கிற ஊரில் மளிகைக் கடைக்குக் கிடைப்பது என்ன? ஒரு சிக்கன் மசாலா பாக்கெட். அதிலும் கம்பெனிக்காரர் விட்டுக்கொடுக்கிற சில்லறைக் காசுதான் நமக்கு லாபம்.

மேல்தட்டில் தூங்குகிற திராட்சையையும் ஞாயிற்றுக்கிழமைக் கோழியையும் ஒரே வாணலியில் சேர்த்துவைக்கும் சமையல் ஒன்று மொராக்கோ நாட்டில் இருக்கிறது. அதைப் பற்றி நமது வணிகப் பெருமக்களுக்கு எழுதவேண்டும் என்று நாம் நினைத்ததற்குக் காரணம், அதன் ருசி மட்டுமல்ல. அந்தச் சமையலின் மையத்தில் இருப்பவரே மளிகைக் கடைக்காரர்தான்.

மொராக்கோ ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. நமக்குச் சம்பந்தமில்லாத நாடு என்று எண்ணவேண்டாம். அந்நாட்டின் தான்ஜியர் துறைமுகத்தில் 1304-இல் பிறந்த இபின் பதூதா என்ற யாத்திரிகர், 1340-களில் கடல்வழியாக வந்து மதுரை சுல்தான் அவையில் தங்கியிருந்திருக்கிறார். அவர் நாட்டு மக்கள் கூம்பு வடிவ மூடி போட்ட மண்சட்டியில் கறி சமைப்பார்கள். சட்டிக்கும் 'தாஜின்' என்று பெயர், அதில் வேகும் கறிக்கும் அதே பெயர். ஆட்டுக்கறியோடு உலர்ந்த பிளம்ஸ், கோழியோடு ஆப்ரிகாட் அல்லது திராட்சை, மேலே வறுத்த பாதாம் என்று இனிப்பும் காரமும் கலந்திருக்கும். கரி அடுப்பில் மெதுவாக வேகவைப்பது அவர்கள் பழக்கம். வேலைக்குப் போய்வருகிறவர்கள் இப்போது அதையே தட்டையான வாணலியில் முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கறிக்குப் போடும் மசாலாவின் பெயர்தான் நம்மைக் கவர்ந்தது. 'ராஸ் எல் ஹனூத்' என்பார்கள். அரபு மொழியில் 'ராஸ்' என்றால் தலை; 'ஹனூத்' என்றால் கடை. கடையின் தலை, அதாவது 'கடையிலேயே தலையாய சரக்கு' என்று பொருள். மசாலாக் கடைக்காரர் தம்மிடம் உள்ளதில் நல்லதாகப் பார்த்து எடுத்து, தம் கைக்கணக்கில் சேர்த்துக் கொடுப்பது. கடைக்குக் கடை கலவை மாறும். பத்துப் பன்னிரண்டு சரக்கோடு முடிப்பவரும் உண்டு. இருபது முப்பதுக்கு மேல் போடுபவரும் உண்டு. எந்தக் கடையில் வாங்கியது என்று ருசியை வைத்தே சொல்வார்களாம். கடைக்காரரின் பெயரைச் சமையலறை வரைக்கும் கொண்டுபோகும் சரக்கு இது.

அதில் சேர்வன என்னவென்று பார்த்தால் சீரகம், மல்லி, சுக்கு, மிளகு, பட்டை, மஞ்சள், ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி ஆகியவையே. ரோஜா இதழைக்கூட நாட்டு மருந்துச் சரக்கு வைத்திருப்பவர்கள் விற்கிறார்கள். நமது கடையில் இல்லாதது ஒன்றுமே இல்லை. பாக்கெட் மசாலா வருவதற்கு முன் நமது தாய்மார்கள் கடையில் வந்து, 'குழம்புக்குச் செலவுச் சாமான் போடுங்க' என்று கேட்பார்கள். கடைக்காரரும் ஒரு காகிதத்தில் கைக்கணக்காக எல்லாம் போட்டு மடித்துக் கொடுப்பார். அதுவும் ஒரு தலைக்கடை மசாலாதான். பெரிய கம்பெனிகளின் வண்ண உறைகள் வந்தபின் நமது கை அந்தக் கணக்கை மறந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் பலமுறை செய்துபார்த்து ஒத்துவந்த அளவைச் சொல்கிறோம். 100 கிராம் கலவைக்குச் சீரகம் 30, மல்லி 20, சுக்கு 15, மிளகு 10, பட்டை 10, மஞ்சள் 10, ஏலம் 3, கிராம்பு 2 கிராம். மஞ்சளையும் சுக்கையும் தவிர மற்றவற்றை இளஞ்சூட்டில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறியபின் எல்லாம் சேர்த்து அரைக்கவேண்டும். மிளகாய் இதில் இல்லை; அவரவர் காரத்துக்குத் தனியே போட்டுக்கொள்ளலாம். கிராம்பை மட்டும் கூட்டிவிடவேண்டாம். கூட்டினால் பல்வலி மருந்து வாடை வந்துவிடும்.

இனி சமையல். அரைக் கிலோ கோழி நாலு பேருக்கு. 50 கிராம் திராட்சை, விதை எடுத்துப் பாதியாக நறுக்கிய ஆறு பேரீச்சை, இருந்தால் ஏழெட்டு ஆப்ரிகாட் ஆகியவற்றைக் கழுவி, ஒரு டம்ளர் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைக்கவேண்டும். அடிகனமான வடச்சட்டியில் மூன்று கரண்டி எண்ணெய் காயவைத்து, உப்புத் தடவிய கோழித் துண்டுகளை இருபுறமும் சிவக்கத் திருப்பி எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். அதே எண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து வதக்கி, இஞ்சி பூண்டு விழுது ஒரு கரண்டி, மேற்படி மசாலா இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி போட்டு, தீயைக் குறைத்து அரை நிமிடம் புரட்டினால் போதும். கோழியைத் திரும்பப் போட்டு அரை டம்ளர் தண்ணீர் விட்டு மூடிப் பத்து நிமிடம். பிறகு பழங்களை ஊறிய நீரோடு சேர்த்து மூடி மறுபடியும் பத்து நிமிடம். மூடியைத் திறந்து, சாறு பாகுபோல் துண்டுகளின்மேல் ஒட்டும் பதத்தில் இறக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து கொத்தமல்லித் தழை தூவவேண்டும். எலும்போரத்தில் குத்திப்பார்த்தால் வரும் நீர் தெளிவாக இருக்கவேண்டும். சிவந்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் விடுக.

பழத்தை முதலிலேயே போட்டுவிடக்கூடாது என்பதை வாங்குபவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். பழச் சர்க்கரை அடியில் இறங்கிப் பிடித்துக் கருகிவிடும். பிறகு பழி சரக்கின்மேல்தான் வரும். இரும்புச் சட்டியாக இருந்தால் எலுமிச்சையை வேறு பாத்திரத்துக்கு மாற்றியபின் பிழிவது நல்லது. மொராக்கோக்காரர்கள் எலுமிச்சையை உப்பிலே ஊறப்போட்டு அதன் தோலையும் இதில் சேர்ப்பார்கள். நமது உப்பு நார்த்தங்காயில் ஒரு சிறு துண்டு போட்டுப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது. தொட்டுக்கொள்ளச் சப்பாத்தி ஆகும். அவர்கள் சாப்பிடும் 'குஸ்குஸ்' என்பது கோதுமை ரவையை உருட்டி ஆவியில் வேகவைப்பதுதான். ஆகவே சம்பா ரவை உப்புமா அதற்கு நெருங்கிய சொந்தம். அதுவும் நமது கடைச் சரக்கே.

"ஏனுங்ணா, கறிக்குள்ளே திராட்சையப் போட்டா பாயசமாயிடாதுங்களா?" என்று எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் கேட்டார். கேள்வி நியாயமானது. கொங்குநாட்டுக் கறிக்குழம்பில் மிளகாயும் தேங்காயும்தான் ஆட்சி செய்யும். ஆனால் புளிக்குழம்பில் ஒரு துண்டு வெல்லம் போடுகிற வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. மலபார் பிரியாணியின் மேலே வறுத்த திராட்சை கிடக்கிறது. பம்பாயில் குடியேறிய பார்சி மக்கள், கோழியையும் ஆட்டுக்கறியையும் ஆப்ரிகாட்டோடு சமைத்து, மேலே உருளைக்கிழங்கைத் தீக்குச்சிபோல் அரிந்து பொரித்துத் தூவுகிறார்கள். ஆப்ரிகாட்டை அவர்கள் 'ஜர்தாலு' என்கிறார்கள். இந்தியாவுக்குள்ளேயே இந்த ருசி பழையது என்று அவரிடம் சொன்னோம்.

பிறகு அவரே ஒரு சனிக்கிழமை மாலை பத்துப் பொட்டலங்கள் கட்டி வைத்தார். ஒவ்வொன்றிலும் மசாலா 10 கிராம், திராட்சை 50 கிராம், பேரீச்சை 50 கிராம், செய்முறைச் சீட்டு ஒன்று. முதல் வாரம் மூன்றுதான் போயிற்று. அடுத்த வாரம் அந்த மூவரில் இருவர் திரும்ப வந்தார்கள். செய்முறைச் சீட்டைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்தபின்தான் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் வாங்கத் தொடங்கின. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நமது ஊரிலேயே குடும்பமாகத் தங்கிவிட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கிஸ்மிஸ் சமையலில் அந்நியமான சரக்கல்ல. இவர்கள் பேசும் மொழியில் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைக்க நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது? கைப்பேசியில் சொன்னால் பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிகளோடு விலையிலும் வேகத்திலும் போட்டியிட சிறு கடையால் ஆகாது. ஆனால் கலவையைக் கட்டி, எப்படிச் செய்வது என்று வாயால் சொல்லிக் கொடுக்கும் ஆள் அவர்களிடம் இல்லை.

சரக்கு நன்றாக இருந்தால்தான் இவ்வளவும். திறந்த டப்பாவில் அந்துப்பூச்சியும் வண்டும் எளிதில் புகுந்துவிடும். காற்றுப் புகாத டப்பா, வெயில் படாத இடம், பழையது முன்னே புதியது பின்னே என்ற வரிசை ஆகிய மூன்றையும் விடக்கூடாது. சோப்பு, ஊதுபத்தி, பெருங்காயம் பக்கத்தில் வைத்தால் பழம் அந்த வாடையை வாங்கிக்கொள்ளும். திராட்சையிலும் பேரீச்சையிலும் வெள்ளையாகச் சர்க்கரை பூப்பது கெடுதல் அல்ல. வெந்நீரில் போட்டால் கரைந்துவிடும். புளித்த கள் வாடை அடித்தாலோ, நூல்போல் பின்னியிருந்தாலோ அதைக் கழித்துவிடவேண்டியதுதான், தள்ளுபடியில் தள்ளிவிடக்கூடாது. குழந்தைகள் சாப்பிடும் பொருள்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டும் பொன்னிறத் திராட்சையும் பெரும்பாலும் கந்தகப் புகை காட்டியவை. அது காட்டாத ஆப்ரிகாட் பழுப்பாக இருக்கும். சிலருக்கு, குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, கந்தகச் சத்து ஒத்துக்கொள்வதில்லை. கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் சல்பைட் இருந்தால் பாக்கெட்டில் குறிப்பிடவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நாம் பிரித்துக் கட்டும்போது மூலப் பெட்டியில் உள்ள அந்த வாசகத்தையும் சேர்த்து எழுதவேண்டும். எடை, விலை, கட்டிய தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவையும் அவசியம். மசாலா அரைத்து விற்பது தயாரிப்பு வகையில் வருவதால், உங்கள் பதிவில் அந்த வகை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியில் இப்போது ஒரு சௌகரியம் ஏற்பட்டிருக்கிறது. பேரீச்சை, உலர் அத்தி, ஆப்ரிகாட் முதலியவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டது. திராட்சைக்கு முன்பே 5 தான். ஆகவே பழைய விலைச் சீட்டு ஒட்டிய டப்பா இன்னும் மேல்தட்டில் இருந்தால் இறக்கிப் பாருங்கள்.

கொள்முதலுக்குக் காலம் பார்க்கவேண்டும். மகாராஷ்டிரத்தின் சாங்கிலி, தாஸ்காவ், கர்நாடகத்தின் விஜயபுரா பகுதிகளில் மாசி, பங்குனியில்தான் திராட்சையை நிழலில் பரப்பி உலர்த்துகிறார்கள். புதுச் சரக்கு மார்ச், ஏப்ரலில் நமது பக்கம் வரத்தொடங்கும். தீபாவளிக்கு முந்தைய மாதம் விலை ஏறியபின் பெட்டி பெட்டியாக எடுத்துத் தேக்குவதைவிட, வாரச் செலவைக் கணக்குப் பார்த்துச் சித்திரையில் ஐந்து கிலோ, அது தீர்ந்ததும் மறுபடி ஐந்து கிலோ என்று எடுப்பது சிறு கடைக்கு ஏற்றது. மசாலாவை ஒரு மாதச் செலவுக்கு மேல் அரைத்து வைக்கவேண்டாம், வாசனை போய்விடும்.