விண்ணப்பம் எந்த வழியால் போகிறது?

இணுவிலில் இடம்பெயர்ந்த குடும்பங்களோடு கூடியிருந்தபோது ஒரு தாய் கேட்டார்: “ஃபாதர், நாங்கள் குடுக்கிற ஃபோம் எல்லாம் எங்க போகுது?” ஒரே விபரத்தை நான்கு இடங்களில் எழுதிக் கொடுத்தும் பதில் வரவில்லையாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னரும் இதே குழப்பம்தான். ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனித்தனிப் பட்டியல். அப்போது நம் நாட்டுத் தொண்டர்கள் ‘சஹானா’ என்ற கணினி நிரலை ஆக்கினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றின் பதிவேடுகள் அதில் ஒன்றுசேர்ந்தன. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது பயன்பட்டது.

தனித்தனிக் கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறும் முறைகளுக்கு கிரெகோர் ஹோப், பொபி வுல்ப் என்ற இருவர் 2003இல் வெளிவந்த நூலொன்றில் பெயரிட்டார்கள். அவர்கள் காட்டும் மாதிரி ஒரு கடன் தரகர். மருதனார்மடம் சந்தைத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவர் இயந்திரம்.

கடன் கேட்பவர் ஒரே விண்ணப்பம் கொடுக்கிறார். தரகர் முதலில் அவருடைய பழைய கடன் விபரத்தை வேறோரிடத்தில் கேட்டுப் பெற்று அதனுடன் சேர்க்கிறார். பின்பு உள்ளடக்கத்தைப் பார்த்து, எந்தெந்த வங்கிக்கு அனுப்புவதென்று தீர்மானிக்கிறார். சிறு தொகைக்கு ஒரு வங்கி, பெருந்தொகைக்கு இன்னொன்று. ஒவ்வொரு வங்கியின் படிவமும் வேறு; ஆகவே அனுப்புமுன் அந்தந்த வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பதில்கள் முன்பின்னாகவே வரும். எந்தப் பதில் யாருடையது? விண்ணப்பத்தில் இட்ட இலக்கத்தைக் கொண்டுதான் அறியலாம். ஒரு வங்கி வாயே திறக்காவிட்டால் குறித்த நேரம்வரை மட்டும் காத்திருந்து, வந்தவற்றுள் குறைந்த வட்டியைத் தெரிவார்.

சேர முடியாத செய்திகள் தனிப் பெட்டியொன்றில் விழும். அதை ஒரு மனிதர்தான் திறந்து பார்க்க வேண்டும். பாராவிட்டால் இயந்திரமும் ஒன்றுதான், தூசி படிந்த அலுமாரியும் ஒன்றுதான்.

பெயர் இன்னொரு தொல்லை. ஒரே தருமலிங்கம் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ‘டி’யிலும் இன்னோரிடத்தில் ‘ரி’யிலும் தொடங்குவார். கணினிக்கு அவர்கள் இருவர். அடையாள அட்டை இலக்கத்தை எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள்; கொடுத்ததும் பதிவிலக்கம் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தாயின் பையிலிருந்த துண்டுகளை விரித்துப் பார்த்தோம். நான்கில் ஒன்றில் மட்டுமே இலக்கம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை கந்தோருக்குப் போவதாக முடிவாயிற்று.