முதலெழுத்துச் சுருக்கங்களும் மொழி மரபும்

கோயம்புத்தூர் கோவையாதலும் தஞ்சாவூர் தஞ்சையாதலும் தமிழில் நெடுங்காலமாக உள்ள மரூஉ வழக்கு. முதலெழுத்துகளை மட்டும் கோத்துப் பெயராக்கும் வழக்கமோ ஆங்கிலத்தின் வழியாக நம்மிடையே பரவியது. அதனைத் தமிழ் எவ்வாறு தன்வயமாக்கிற்று என்பதைக் கண்டியில் அன்றாடம் வழங்கும் சில பெயர்களைக் கொண்டு ஆராய்வாம்.

கண்டிப் பேருந்து நிலையத்தினின்றே தொடங்கலாம். 1958இல் நிறுவப்பெற்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை ஆங்கிலத்தில் ‘சி.டி.பி.’ எனப்பட்டது, இவை எழுத்துகளின் பெயர்கள். தமிழிலோ அது ‘இ.போ.ச.’ ஆயிற்று, இவை சொற்களின் முதலொலிகள். ‘போ’ என்பதில் மெய்யும் உயிரும் பிரியாது நிற்றலின், கேட்போர் முழுச்சொல்லை எளிதில் உணர்வர். சிங்களம் ‘லங்கா கமனாகமன மண்டலய’ என்பதனை ‘லங்கம’ என ஒரே சொல்லாக்கிற்று. இந்தோனேசியரும் பொதுத்தேர்தலைக் குறிக்கும் ‘பெமிலிஹான் உமும்’ என்பதனைப் ‘பெமிலு’ என்பர். கைத்தொலைபேசியைக் குறிக்கும் ஆங்கில ‘எச்.பி.’யையும் தம் எழுத்துப்பெயர்களால் ‘ஹா பே’ என்றே ஒலிப்பர். நாமோ ஆங்கிலச் சுருக்கங்களை ஆங்கில எழுத்துப்பெயர்களாலேயே ஒலிக்கின்றோம்.

மாணவர் நன்கறிந்த ‘க.பொ.த.’ பிறிதோர் உண்மையை உணர்த்துகின்றது. ஆங்கில ‘ஜி.சி.ஈ.’யில் பொதுமை முதலிலும், பத்திரம் இடையிலும், கல்வி இறுதியிலும் நிற்கும். ‘கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்’ என்பதிலோ கல்வி முன்வந்து, பத்திரம் பின்செல்கின்றது. அடைமொழி முன்னும் அடைகொளி பின்னும் நிற்பதே தமிழ்மரபு. எனவே இது பொருளைப் பெயர்த்ததேயன்றி, எழுத்தைப் பெயர்த்ததன்று.

இவ்வேறுபாடு இலக்கணத்தோடு முடிவதன்று. மலையகத் தோட்டங்களில் ‘ஈ.பி.எஃப்.’, ‘ஈ.டி.எஃப்.’ என்னும் இரண்டும் வழங்குகின்றன. அவற்றிடையே ஓரெழுத்தே வேறுபாடு. பொருளிலோ வேறுபாடு பெரிது. முன்னையது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி. அதற்குத் தொழிலாளி தம் சம்பாத்தியத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தொழில்தருநர் 12 பங்கும் செலுத்தல் வேண்டும். பின்னையது 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. அதற்கு நூற்றுக்கு 3 பங்கு செலுத்துபவர் தொழில்தருநர் மட்டுமே. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கலாகாது. சம்பளச்சீட்டைப் பார்க்கும் தொழிலாளிக்கு அந்த ஓரெழுத்தின் பொருள் தெரியாவிடின், கழித்தது முறையா என வினவ வழியில்லை.

ஆதலின் சுருக்கத்தைக் கற்பிப்போர் அதன் விரிவையும் உடன் கற்பித்தல் கடன். ‘ஊ.சே.நி.’ என்னுமிடத்து ‘சே’ என்னும் ஓரெழுத்தே சேமிப்பை நினைவூட்டும். சுருக்கத்தின் பயன் காலத்தை மிகுத்தலாகலாம்; பொருளை மறைத்தல் ஆகாது.