மூளை நலிவும் பணக் கணக்கும்

முதுமையில் பெயர்களை மறத்தல் பலருக்கும் நேர்வதே. ஆனால், நெடுங்காலம் செவ்வனே கணக்குப் பார்த்து வந்தவர் கொடுக்கல் வாங்கலில் தடுமாறத் தொடங்கினால், அதனை வெறும் மறதியென்று தள்ளிவிடலாகாது. பணத்தைக் கையாள நினைவு மட்டும் போதாது. எண்ணறிவும், தவணையை முன்னதாகக் கருதும் திறனும், வஞ்சனையைப் பகுத்துணரும் ஆற்றலும் ஒருங்கே வேண்டும். ஆகவே, உண்பதிலும் உடுப்பதிலும் குறையேதும் தோன்றாத நிலையிலேயே இத்திறன் குன்றக்கூடும்.

அமெரிக்காவில் தனித்து வாழ்ந்த 80,000-க்கும் மேற்பட்ட முதியோரின் கடன் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, மறதி நோய் கண்டறியப்படுவதற்கு 6 ஆண்டுகள் முன்னரே தவணை தவறுதல் மிகுந்ததைக் காட்டிற்று.

நம் கிராமங்களில் அடையாளங்கள் வேறு. பெற்ற ஓய்வூதியத்தையே மீண்டும் கேட்டு வங்கிக்குச் செல்லுதல், கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் திணறுதல், அடைத்த கடனை மறுமுறை அடைத்தல் ஆகியன கவனிக்கத்தக்கவை. என்றுமே கணக்குப் பாராதவரிடம் இவ்வளவுகோல் செல்லாது. ஒருவரை அவருடைய முந்தைய திறனோடுதான் ஒப்பிடவேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் இத்தடுமாற்றம் நேரும். இவை சிகிச்சைக்கு இணங்குபவை. ஆதலின், வீட்டார் கடிந்துகொள்வதற்கு முன், நிலப் பத்திரத்தில் எவரேனும் கைந்நாட்டு வாங்கிவிடுவதற்கும் முன், அவரை மருத்துவரிடம் அனுப்புதல் நலம்.