கோடத் ரேடியோ தொலைநோக்கியும் கைபேசி ஒழுக்கமும்

பணியிடத்தில் கைபேசியை எப்பொழுது, எங்கு, எவ்வாறு உபயோகிப்பது என்பது இன்று ஒவ்வொரு அலுவலகத்திலும் பள்ளியிலும் எழும் வினாவாகும். பெரும்பாலான இடங்களில் இது மரியாதையைப் பற்றிய வினா. ஒருவர் உரக்கப் பேசினால் அருகிலிருப்போருக்கு இடையூறு. கூட்டத்தின் நடுவே மணி ஒலித்தால் பேசுவோருக்கு இடையூறு. ஆனால் புனே நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பணியிடம் உள்ளது. அங்கு ஒலியே எழுப்பாமல் சட்டைப்பையில் உறங்கும் கைபேசியும் இடையூறாகக் கருதப்படுகிறது. அதன் காரணத்தை அறிந்துகொண்டால், மற்றப் பணியிடங்களில் அனுசரிக்க வேண்டிய முறைகளும் தெளிவாக விளங்கும்.

கோடத் நிலையம்

நாராயண்காவ் என்னும் ஊரை அடுத்த கோடத் கிராமத்தில் மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி அமைந்துள்ளது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் ஓர் அங்கமான தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் இதனை நடத்தி வருகிறது. அம்மையத்தின் தலைமையகம் புனே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது. தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ண வடிவ ஏரியல்கள் உள்ளன. அவற்றுள் 14, சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பினுள் நெருக்கமாக நிற்கின்றன. எஞ்சிய 16, ஆங்கில எழுத்தான 'ஒய்' போன்று மூன்று கிளைகளாக விரிந்து, வயல்களுக்கும் கிராமங்களுக்கும் இடையே நிற்கின்றன. ஒரு கோடியிலுள்ள ஏரியலுக்கும் மறு கோடியிலுள்ளதற்கும் இடையே அதிகபட்சம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரம் உண்டு. முப்பதும் ஒன்றுசேர்ந்து ஒரே பெரிய கருவிபோல் இயங்குகின்றன.

இதனைத் திட்டமிட்டு உருவாக்கியவர் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் (1929–2020). உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவின் மீது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியை அமைத்து 1970இல் இயங்கச் செய்தவரும் அவரே. கோடத் நிலையத்திற்கு இடம் தேடியபொழுது, ரேடியோ இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனையாக இருந்தது. நகரத்தின் இரைச்சலைத் தடுக்கக் குன்றுகள் சூழ்ந்திருந்தமையாலும், புனேயிலிருந்து எளிதில் வந்து போகக் கூடியதாக இருந்தமையாலும் இவ்விடம் தெரிவு செய்யப்பட்டது. அக்காலத்தில் இந்தியாவில் கைபேசியே கிடையாது. நம் நாட்டின் முதல் கைபேசி உரையாடல் 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. ஆகவே, தொலைநோக்கியும் கைபேசியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்நாட்டில் வளர்ந்தன எனலாம்.

தொலைபேசி இரைச்சலிலிருந்து பிறந்த விஞ்ஞானம்

ரேடியோ வானியலுக்கும் தொலைபேசிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1930களின் தொடக்கத்தில், அட்லாண்டிக் கடலைக் கடந்து ரேடியோ வழியாக நடைபெற்ற தொலைபேசி உரையாடல்களில் ஓர் இரைச்சல் கலந்து வந்தது. அதன் மூலத்தைக் கண்டறியும் பணி, அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. இடிமின்னல்களால் எழும் இரைச்சலை நீக்கிய பின்னரும் மெல்லிய சீறொலி ஒன்று எஞ்சி நின்றது. அது பால்வீதி மண்டலத்திலிருந்து வருகிறது என்பதை அவர் 1933இல் வெளியிட்டார். இவ்வாறு, தொலைபேசிக்கு வானம் இடையூறு செய்ததன் விளைவாக ஒரு புதிய விஞ்ஞானம் பிறந்தது. இன்று நிலைமை தலைகீழாகி, வானத்தைக் கேட்பதற்குத் தொலைபேசி இடையூறு செய்கிறது.

எவ்வளவு மெல்லிய ஒலி?

விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளின் வலிமையை அளக்கும் அலகிற்கு ஜான்ஸ்கியின் பெயரே இடப்பட்டுள்ளது. கோடத் தொலைநோக்கி ஆராயும் பொருள்களிற் பல, ஒரு ஜான்ஸ்கியில் ஆயிரத்தில் ஒரு பங்கும் அதற்குக் குறைவுமான வலிமையுடையவை. இதனை ஒரு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம்.

சராசரியாகக் கால் வாட் சக்தியை 0.2 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் வெளியிடும் கைபேசி ஒன்றைச் சந்திரன் உள்ள தொலைவில், அதாவது 3,84,400 கிலோமீட்டருக்கு அப்பால், வைத்ததாகக் கற்பனை செய்வோம். அச்சக்தி எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவினால், பூமியில் அதன் வலிமை ஏறத்தாழ 67 ஜான்ஸ்கியாக இருக்கும். அதாவது, வானிலுள்ள மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களின் வரிசையில் அந்தக் கைபேசியும் இடம்பெறும். ஆயிரத்தில் ஒரு ஜான்ஸ்கி அளவுள்ள ஓர் அண்டத்தோடு ஒப்பிட்டால் அது 67,000 மடங்கு பிரகாசமானது.

அதே கைபேசியைத் தொலைநோக்கியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்திற்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? தூரம் குறையக் குறைய, அலையின் வலிமை தூரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அதிகரிக்கும். கணக்கின்படி அது சுமார் பத்து இலட்சம் கோடி ஜான்ஸ்கி ஆகிறது. கிண்ண ஏரியல் தான் நோக்கும் திசையிலிருந்து வரும் அலைகளையே பெரிதும் ஏற்கும். பக்கவாட்டில் வருவனவற்றை அதனுடன் ஒப்பிடுகையில் ஏறக்குறைய இலட்சத்தில் ஒரு பங்காகவே ஏற்கும். மண்ணும் மரங்களும் கட்டடங்களும் இன்னும் ஓரளவு தடுக்கும். இத்தள்ளுபடிகளுக்குப் பின்னரும் எஞ்சுவது, விண்மூலத்தின் அலையைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்ததாகவே இருக்கும்.

ஒரே அலைவரிசையில் இருவர்

'கைபேசியின் அலைவரிசை வேறு, தொலைநோக்கியின் அலைவரிசை வேறு அல்லவா?' என்ற ஐயம் எழலாம். கோடத் தொலைநோக்கி 2010களில் மேம்படுத்தப்பட்டு, இப்பொழுது சுமார் 120 முதல் 1450 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய இடைவெளியின்றிக் கேட்கிறது. கைபேசிகள் பயன்படுத்தும் 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இவ்வெல்லைக்குள்ளேயே அடங்குகின்றன.

இதனால் ஏற்படும் இழப்பு யாது? பிரபஞ்சத்தில் மிகுதியாக உள்ள ஹைட்ரஜன் அணு, 1420 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 21 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையை வெளியிடுகிறது. 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் எவரும் ஒலிபரப்பக் கூடாதென உலக நாடுகள் உடன்பட்டுள்ளன. ஆனால் பிரபஞ்சம் விரிவதால், தொலைவிலுள்ள அண்டங்களிலிருந்து வரும் இவ்வலை நீண்டு, குறைந்த அதிர்வெண்ணில் வந்து சேர்கிறது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஒரு கண்டுபிடிப்பில், ஓர் அண்டத்திலிருந்து சுமார் 880 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஹைட்ரஜன் அலையை இத்தொலைநோக்கி பதிவு செய்தது. 21 சென்டிமீட்டராகப் புறப்பட்ட அலை இங்கு வந்தடைந்தபொழுது 48 சென்டிமீட்டராக நீண்டிருந்தது. இதே முறையில், 500 முதல் 600 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அலைகள் 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் வந்து விழுகின்றன. கைபேசிகளும் கோபுரங்களும் உரையாடுவதும் அதே பகுதியில்தான். எனவே, ஒரு கைபேசியின் பேச்சு மறைப்பது வெறும் அலைவரிசையை மட்டுமன்று. பிரபஞ்ச வரலாற்றின் ஒரு குறிப்பிட்ட காலப் பகுதியையே மறைக்கிறது எனலாம்.

'மௌனம்' போதுமா?

சாதாரண அலுவலகத்தில் மணியோசையை நிறுத்தி வைப்பது மரியாதைக்குப் போதுமானது. கோடத் நிலையத்தில் அது போதாது. எவரும் பேசாதபொழுதும் கைபேசி தான் இருக்கும் இடத்தைக் கோபுரத்திற்கு அவ்வப்போது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. செய்திகள் வந்துள்ளனவா என்று வினவுகிறது. கோபுரம் தொலைவில் இருப்பின், தன் குரல் எட்டுவதற்காகச் சக்தியை அதிகரித்துக்கொள்கிறது. ஆதலின், கோபுரங்கள் குறைந்த கிராமப்புறத்தில் ஒரு கைபேசி, நகரத்திலுள்ளதைவிட வலுவாக 'உரத்துப் பேசும்' என்பது கவனிக்கத்தக்கது. விமானப் பயண நிலையில் வைத்தால் ஒலிபரப்பு நின்றுவிடும். எனினும் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றுகள் மெல்லிய ரேடியோ இரைச்சலை வெளியிட்டவண்ணமே இருக்கும். எனவேதான் அந்நிலையத்திற்கு வருவோர் கைபேசியை முற்றிலும் அணைத்துவிடும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

இவ்விதி வெளியாருக்கு மட்டும் உரியதன்று. நிலையம் தன் சொந்தக் கருவிகளையும் இதே விதிக்கு உட்படுத்துகிறது. கணிப்பொறிகளும் மின்னணுச் சாதனங்களும் உலோகக் கவசமிட்ட அறைகளுள் வைக்கப்பட்டுள்ளன. ஏரியல்களிலிருந்து மைய நிலையத்திற்குச் செய்திகள் ரேடியோ மூலம் அனுப்பப்படாமல், கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாக அனுப்பப்படுகின்றன.

ஒரு படிப்பினை

பணியாளரின் சிறு கவனக்குறைவு எவ்வளவு தூரம் குழப்பம் விளைவிக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி நிலையத்தில் நிகழ்ந்தது தக்க சான்றாகும். 1998 முதல் அங்கு விசித்திரமான குறுந்துடிப்புகள் சில பதிவாகி வந்தன. அவை விண்ணிலிருந்து வருவனவோ, வளிமண்டலத்தில் தோன்றுவனவோ என விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். 2015இல் உண்மை வெளியாயிற்று. நிலையத்திலிருந்த நுண்ணலை அடுப்பு நின்று முடிவதற்கு முன்பே எவரேனும் அதன் கதவைத் திறந்தால், அக்கணத்தில் வெளிப்படும் அலையே அத்துடிப்பாகப் பதிவாகியிருந்தது. உணவைச் சூடாக்கியவர் எக்குற்றமும் எண்ணியவரல்லர். தம் பழக்கத்திற்கும் சக ஊழியரின் வேலைக்கும் தொடர்புண்டு என்பதை அவர் அறிந்திருக்கவில்லை, அவ்வளவே.

பிற பணியிடங்களுக்கு

தொலைநோக்கி இல்லாத அலுவலகங்களிலும் இக்கருத்து பொருந்தும். அங்கு மெல்லிய ஒலியைக் கேட்க முயலும் கருவி மனித மனமே. 2015இல் வெளியான அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், கவனத்துடன் செய்ய வேண்டிய ஒரு வேலையில் ஈடுபட்டிருந்தோருக்குக் கைபேசி அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. அவற்றை அவர்கள் எடுத்துப் பார்க்காதபொழுதும் தவறுகள் அதிகரித்தன என்று தெரியவந்தது.

மகாராஷ்டிர அரசின் பொது நிர்வாகத் துறை, 2021ஆம் ஆண்டு ஜூலையில் தன் ஊழியர்களுக்கு இது பற்றி அறிவுரைகள் வழங்கியது. அலுவலக வேலைக்குக் கூடியவரையில் கம்பித் தொலைபேசியையே பயன்படுத்த வேண்டும். கைபேசியில் பேச நேர்ந்தால் தாழ்ந்த குரலில், பணிவுடன் பேச வேண்டும். சொந்த அழைப்புகளை அறைக்கு வெளியே சென்று பேச வேண்டும். மேலதிகாரிகளின் அறையிலும் கூட்டங்களிலும் கைபேசியை ஓசையற்ற நிலையில் வைக்க வேண்டும். அவ்வமயம் செய்திகளைப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பன அவற்றுட் சில. அவசர அழைப்பும் உண்மையான தேவையும் இவ்விதிகளால் மறுக்கப்படவில்லை. தேவைக்கும் பழக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஊழியர் உணர வேண்டும் என்பதே நோக்கம்.

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

களப்பணியாளர்கள் உணர்நுட்பம் மிக்க ரேடியோ கருவிகள் உள்ள இடங்களுக்குச் செல்லும்பொழுது, கைபேசியை எந்நிலையில் வைக்க வேண்டும் என்பதை வாயிலிலேயே கேட்டறிதல் நலம். வீட்டாருக்கு நிலையத்தின் கம்பித் தொலைபேசி எண்ணை முன்கூட்டியே கொடுத்து வைத்தால், கைபேசி அணைந்திருப்பது பற்றிய கவலை பெரும்பாலும் நீங்கும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாக விளக்கலாம். நடு அலை வானொலிப் பெட்டி ஒன்றை, எந்நிலையமும் கேட்காத இடத்தில் திருப்பி வைத்து, அதனருகே கைபேசித் திரை, மின்னேற்றி, மின்னணு விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இரைச்சல் மாறுவதைக் கேட்கச் செய்யலாம். தூரத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சல் எவ்வாறு தணிகிறது என்பதையும் மாணவர்கள் தாமே காணலாம். தேசிய விஞ்ஞான தினமான பிப்ரவரி 28ஆம் நாளை ஒட்டிக் கோடத் நிலையத்தில் நடைபெறும் விஞ்ஞானக் கண்காட்சிக்குச் சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளின் மாணவர்கள் ஏராளமாக வருகின்றனர். அங்கு வருவோர் கைபேசியை அணைக்குமுன் அதன் காரணத்தையும் அறிந்திருப்பின், அவ்விதி ஒரு கட்டளையாகத் தோன்றாது. பல நூறு கோடி ஆண்டுகள் பயணம் செய்து வரும் ஒரு மெல்லிய அலை இன்னொருவரின் செவிக்கு எட்டுவதற்காகத் தாம் சற்று நேரம் மௌனமாக இருக்கிறோம் என்ற மனநிறைவே அவர்களுக்கு உண்டாகும்.