கடைக் கோழி சொன்ன சேதி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒருவர் கடைக்குப் போகிறார். கோழி இறைச்சிப் பொட்டலம் ஒன்றை வாங்கி ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறார். அது அடுப்புக்குப் போகாது, ஆய்வகத்துக்குப் போகும். அந்த இறைச்சியில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா எந்த மருந்துக்குச் சாகும், எந்த மருந்துக்குச் சாகாது என்று அங்கே பார்ப்பார்கள்.

எப்படி என்கிறீர்களா? இறைச்சியைப் பையில் போட்டு, சத்து கலந்த நீரை ஊற்றிக் குலுக்குவார்கள். பாக்டீரியா நீருக்குள் வந்துவிடும். அதைக் கதகதப்பான பெட்டியில் வைத்தால், சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாகப் பெருகும். பிறகு அந்த நீரில் ஒரு துளியை வளர்தட்டில் தேய்ப்பார்கள். தட்டில் இருப்பது என்ன தெரியுமா? நோன்புக் காலத்தில் பல வீடுகளில் செய்கிறார்களே, வாயில் வழுக்கிக்கொண்டு போகும் கடற்பாசி, அதேதான்! மறுநாள் அதன்மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் கோடிக்கணக்கான பாக்டீரியா வாழும் ஊர்.

அடுத்தது பல்லாங்குழி. ஆமாம், பார்த்தால் அப்படித்தான் இருக்கும்! உள்ளங்கை அளவுப் பலகையில் 96 குட்டிக் குழிகள். முதல் குழியில் மருந்து கொஞ்சம், அடுத்ததில் இரண்டு மடங்கு, அதற்கடுத்ததில் நான்கு மடங்கு. எல்லாவற்றிலும் பாக்டீரியாவை விடுவார்கள். குழி தெளிவாக இருந்தால் மருந்து வென்றது. கலங்கியிருந்தால் பாக்டீரியா பிழைத்துக்கொண்டது.

கனடா 2002-இல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டத்தில் இந்தச் சோதனை நடந்தது. 2004-இல் கியூபெக் கடைக் கோழிகளில் கிடைத்த சால்மோனெல்லா ஹைடல்பர்க் என்ற பாக்டீரியாவில், நூற்றுக்கு 62 செஃப்டியோஃபர் என்ற மருந்துக்கு அசையவே இல்லை.

ஏன்? அங்கே குஞ்சு பொரிப்பகங்களில், முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சுகளுக்கு அந்த மருந்தை ஊசியாகப் போட்டுவந்தார்கள். நோய் வந்த பிறகு அல்ல, வராமலிருக்க. மருந்து பட்டதும் பெரும்பாலான பாக்டீரியா செத்துவிடும். தப்பிக்கும் தன்மை தற்செயலாக அமைந்த ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சும். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் அவை குடும்பம் குடும்பமாகப் பெருகும். அந்தத் தன்மையைப் பக்கத்து பாக்டீரியாவுக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் அவற்றால் முடியும்.

இதில் என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. செஃப்டியோஃபரின் நெருங்கிய உறவுக்கார மருந்தைத்தான், சால்மோனெல்லா கடுமையாகத் தாக்கிய குழந்தைகளுக்கு மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். ஒன்றுக்குச் சாகாத பாக்டீரியா மற்றதற்கும் சாகாது. கடைக் கோழியில் இந்த எதிர்ப்பு கூடியபோது, நோயாளிகளிடம் கிடைத்த சால்மோனெல்லாவிலும் கூடியது.

2005-இல் கியூபெக் பொரிப்பகங்கள் தாமாகவே அந்த ஊசியை நிறுத்தின. 2006-இல் 62 என்பது 7 ஆகிவிட்டது! இரண்டே ஆண்டுகள். 2007-இல் சில இடங்களில் ஊசி திரும்ப வந்தது. 2008-இல் எண்ணிக்கை 20-க்கு ஏறிவிட்டது. பொட்டலம் பொட்டலமாக வாங்கிச் சோதித்துக்கொண்டே இருந்ததால்தான் இந்த ஏற்ற இறக்கம் கண்ணில் பட்டது. ஒருமுறை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. அமெரிக்காவிலும் 2002 முதல் கடை இறைச்சியை இப்படிச் சோதிக்கிறார்கள். பிறகு இறால், சால்மன் மீன் போன்ற கடல் உணவும் அந்தக் கூடைக்குள் வந்துவிட்டது.

அப்படியானால் கோழிக்கறி சாப்பிடலாமா? தாராளமாக. மருந்துக்குச் சாகாத பாக்டீரியாவும் கொதிக்கும் குழம்பில் செத்துவிடும். ஆபத்து பச்சை இறைச்சியில்தான். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். பச்சை இறைச்சியைக் குழாயடியில் கழுவினால் சாரல் தெறித்து, பக்கத்தில் காயும் தட்டுகளிலும் பாக்டீரியா உட்கார்ந்துகொள்ளும்.

கியூபெக்கில் தெரிந்த பாடம் நாடு முழுவதும் பரவியது. 2014-இல் கனடாவின் கோழி வளர்ப்போர், மனிதர்களுக்கு மிக முக்கியமான மருந்துகளை நோய்த் தடுப்புக்காகக் கோழிகளுக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.